கற்பூரம் அடித்த கை

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை பிறக்க வேண்டுமானால் மூன்று பேர் வேண்டும். பெறுகிறவள், எடுக்கிறவள், தவறணைக்கு ஓடிப்போய்ச் சாராயம் வாங்கி வருகிறவன். மூன்றாமவன் பிந்தினால் மற்ற இருவருக்கும் கோபம் வந்துவிடும். பெற்றவள் உடம்பு குளிர்ந்துபோகக் கூடாது என்று அவளுக்கு ஒரு மிடறு. இடுப்பிலும் காலிலும் சூடு பறக்கத் தேய்க்க ஒரு கை. மிச்சப் போத்தல் மருத்துவச்சிக்கு. கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று எந்தச் சாமி சொன்னதோ தெரியாது. கொடுக்காதவன் கஞ்சன் என்று லயத்து வீட்டு வரிசை முழுக்கச் சொல்லும். தோட்டத்தில் அது சாமி சொல்வதைவிடப் பெரிது.

தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குக்கு மருத்துவச்சி பேச்சியம்மா. அவள் அந்த மிச்சப் போத்தலில்தான் குடிக்கப் பழகினாள். தொழிலுக்கு வந்த புதிதில் அந்த வாடையே அவளுக்கு ஆகாது. பிள்ளை எடுத்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லக் கூடாதே என்ற மரியாதைக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். பிறகு குளிருக்குக் குடித்தாள். பிறகு அலுப்புக்கு. ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தலைமன்னாரில் கப்பலேறிப் போன புருஷன், அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று சேதி வந்த பிறகு, காரணம் தேடுகிற வேலையும் இல்லாமல் போயிற்று. பிள்ளை பிறக்காத நாட்களில் தன் காசில் வாங்கினாள்.

கீழ்க்கணக்கில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பிளைகள் சம்பளத்தன்று சாக்கடைக் கானில் விழுந்து கிடக்கிற தோட்டத்தில், பொழுது சாய்ந்ததும் குடித்துவிட்டுத் தன் ஒற்றை அறைக் காம்பராவில் முடங்குகிற பெண்பிள்ளையை யார் என்ன கேட்பது? தவிரவும் அவள் கைராசிக்காரி. கால் முன்னே வந்த பிள்ளையும் கொடி சுற்றிய பிள்ளையும் அவள் கையில் உயிரோடு விழுந்திருக்கின்றன. கங்காணி பெண்சாதி முதல் வாசல் கூட்டுகிறவள் வரை, பேச்சியம்மா கை பட்டால் போதும் என்றுதான் சொல்வார்கள்.

அப்படிச் சொல்லாதவள் ஒருத்தி உண்டு. அவள் பேச்சியம்மாவின் ஒரே மகள் ரத்தினம்மா. ஊரார் பிள்ளையை எடுத்துவிட்டுத் தள்ளாடி வருகிற அம்மாவுக்குக் கதவு திறந்து, வாந்தி பட்ட சேலையை அலசிப் போட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு எழுப்பி அனுப்பி, அப்படியே வளர்ந்த பிள்ளை. வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. கலஹாப் பக்கத்துத் தோட்டத்துக் காளிமுத்துவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்த அன்று, தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணைப் பெற்றவளைக் காணோம் என்று தேடினார்கள். பேச்சியம்மா சந்தோஷம் தாங்காமல் விடியுமுன்பே குடித்துவிட்டு, கோயிலின் பின்புறம் விறகுக் கட்டின்மேல் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்துக் காம்பரா மூக்காயி நின்றாள். ரத்தினம்மா அழவில்லை. போகும்போது, வர்றேம்மா என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

உடம்பு மகா பொறுமைசாலி. கொடுத்ததையெல்லாம் வருஷக்கணக்காக வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. பேச்சியம்மாவின் கன்னமும் தோளும் வற்றிப்போய், வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. உள்ளங்கை இரண்டும் மருதாணி வைத்தாற்போலச் சிவந்து கிடந்தன. பல் விளக்கினால் ரத்தம். லேசாக இடித்துக்கொண்டாலும் தோலில் நீலம் பாரித்து, வாரக்கணக்கில் மறையாமல் கிடந்தது. பாதம் மரத்துவிட்டது, மலைப்பாதையில் கல் குத்திக் கிழித்தாலும், வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அவள் வயிற்றைப் பார்த்து, பேச்சியக்காவுக்குப் பிள்ளை எடுக்க யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அந்த இடத்திலேயே அழ வேண்டிவரும்.

இத்தனையையும் அவள் தாங்கிக்கொண்டாள். கைதான் அவளைப் பயமுறுத்தியது. விடிந்தால் ஆடும். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தால் பாதி மடியில் கொட்டும். ஒரு மிடறு சாராயம் உள்ளே போனால் ஆட்டம் அடங்கிவிடும். ஆகவே பிள்ளை எடுக்கப் போகுமுன் ஒரு மிடறு போட்டுக்கொண்டு போனாள். அந்த மிடறு வரவரப் பெரிதாயிற்று. ஆட்டமும் அதோடு போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தது. ஒரு நாள் மேட்டு லயத்தில் ஒரு பிள்ளைக்குத் தொப்புள்கொடி கட்டும்போது நூல் அவள் விரலிலிருந்து நழுவியது. மறுபடி கட்டினாள். மறுபடி நழுவியது. பாயில் ரத்தம் சொட்டத் தொடங்கியதும், பிள்ளையின் அத்தைக்காரி அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தானே இறுக்கிக் கட்டினாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு பேச்சியம்மாவைக் கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்திவிட்டார்கள் என்பதை அவள் உடனே நம்பவில்லை. ஒரு மத்தியானம், மழை தூறிக்கொண்டிருந்தபோது, எதிர் லயத்தில் ஒருத்தி நோவெடுத்துக் கத்துகிற சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லக்கூடியவள் பேச்சியம்மா. எழுந்து, முகம் கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கூப்பிட ஆள் வரும் என்று நின்றாள். மேற்கணக்கு மருத்துவச்சி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். இவளைப் பார்த்தும் பார்க்காதவள் போலப் போனாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பேச்சியம்மா உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் போய்விட்டான் என்று கேள்விப்பட்ட நாளில்கூட அவள் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் அவர் டாக்டர் ஐயா. காலில் ஆறாத புண்ணுக்கு மருந்து கட்டப் போனபோது, அவளைப் பெஞ்சியில் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண்ணிமையை இழுத்து மஞ்சளைப் பார்த்தார்.

"உன்ரை ஈரல் வீங்கிப்போய்க் கிடக்கு. வயித்துக்கை தண்ணி கட்டுது. இப்பிடியே குடிச்சியெண்டா ஒரு நாளைக்கு ரத்தமாய்ச் சத்தியெடுத்துச் சாவாய். விட்டிடு" என்றார்.

விட்டுவிடு என்றாரே தவிர, எப்படி விடுவது என்று சொல்லவில்லை. அவள் விடப்போகிறாள் என்று நம்பியா சொன்னார்? அவர் சொல்லி இதுவரை ஒருவரும் விட்டதில்லை. பேச்சியம்மாவும் சரி ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்து, பயத்தில் அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குடித்தாள்.

இந்த நிலையில்தான் ஹபீல் நானா வந்தார். கண்டியிலிருந்து சீலை மூட்டையைச் சுமையாளின் தலையில் ஏற்றிக்கொண்டு, தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிற வியாபாரி. அவர் மூட்டையில் சீலையைவிடச் சேதிகள் அதிகம் என்பார்கள். அன்று மூட்டையை அவிழ்க்காமலே அவள் வாசலில் நின்றார்.

"கலஹாவுல ஒங்கட மகளக் கண்டேன். ஏழு மாசம். தலப்புள்ளைக்கித் தாய்ட ஊட்டுக்குத்தான் வருவாளாம். ஆனா வாசல்ல சாராய வாட அடிச்சா, உள்ளுக்கு வராமத் திரும்பிருவேன்னு செல்லச் சொன்னா."

பேச்சியம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு, நானா குடிக்கத் தண்ணீர் கேட்டதைக்கூட மறந்துவிட்டு, வரச்சொல்லுங்க, வரச்சொல்லுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஊரான் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் முதன்முதலாகத் தொட்ட கை அவளுடையது. தன் மகள் வயிற்றுப் பிள்ளையும் இந்தக் கையில்தான் விழ வேண்டும். அது ஒன்று நடந்துவிட்டால், நடந்த மற்ற எல்லாவற்றையும் மகள் மறந்துவிடுவாள் என்று அவள் நினைத்தாள். அதற்கு வேண்டியது இரண்டே இரண்டு. வாயில் வாடை இருக்கக் கூடாது. கை ஆடக் கூடாது.

மாசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருகிறேன் என்று காளிமுத்துவின் பதில் நானா மூலமாகவே வந்தது.

இங்கேதான் பேச்சியம்மா தப்புக்கணக்குப் போட்டாள். அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை, தோட்டமே போடுகிற கணக்கு அது. தோட்டத்தில் குடியை விடுகிறவன் கொஞ்சம் கொஞ்சமாக விடமாட்டான். கோயிலில் கற்பூரம் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வான். அதற்கு மேல் ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் சாமி குத்தம். குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். பேச்சியம்மாவுக்கும் சத்தியம் செய்யத்தான் எண்ணம். ஆனால் சத்தியம் என்றால் பயம். ஆகவே அதைத் தள்ளிப்போட்டாள். வாடை போவதற்கு இரண்டு நாள் போதாதா, வெள்ளிக்கிழமை சத்தியம் செய்தால் ஞாயிற்றுக்கிழமை சுத்தமாகிவிடுவோம் என்று ஒரு சாமர்த்தியம். வியாழக்கிழமை, இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டு, போத்தலை முழுக்கக் காலி செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மூக்காயியைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். கற்பூரத் தட்டைப் பூசாரி நீட்டினார். ஆடிக்கொண்டிருந்த கையை ஓங்கி அடித்தாள்; முதல் அடி தட்டின் விளிம்பில் பட்டது. இரண்டாவது அடியில் சுடர் அணைந்தது. உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. அதை மூக்காயியிடம் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நெடுநாளாயிற்று என்று மூக்காயி பிறகு சொன்னாள்.

அன்று முழுக்க வேலை. போத்தல்களையெல்லாம் பொறுக்கிக் கானுக்கு அப்பால் எறிந்தாள். தரையைச் சாணியிட்டு மெழுகினாள். பழந்துணிகளைக் கொதிநீரில் போட்டு அலசிக் காயவைத்தாள். சாம்பிராணி வாங்கி வந்து, மூலை முடுக்கெல்லாம் புகை போட்டாள். பொழுது சாய்கிறபோது உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. குளிர்காலத்தில் இப்படி வேர்க்கிறதே என்று பார்த்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வேலை செய்த அலுப்பு என்று படுத்தாள். தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை கை ஆடவில்லை, உதறியது. கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை, மூக்காயி ஊட்டிவிட்டாள். ஊட்டியதும் வாந்தியாக வெளியே வந்தது. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டாள். மூக்காயிக்குப் பயம் பிடித்துவிட்டது. நாக்கை நனைக்கிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். பேச்சியம்மா தன் உள்ளங்கைக் கொப்புளத்தைக் காட்டினாள். கற்பூரம் அடித்த கை, மகள் உயிர்மேல் அடித்தது, கேட்காதே என்றாள். சாமி சோதிக்கிறது, நாளைக்குச் சரியாகிவிடும் என்றாள். மூக்காயிக்கு டாக்டர் ஐயாவைக் கூப்பிடத் தோன்றவில்லை. குடியை விட்டவளுக்கு டாக்டர் எதற்கு? குடிக்கிறவளுக்குத்தானே டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவர் முழுக்க எறும்பு ஊர்ந்தது. துடைத்தாள்; மறுபடி ஊர்ந்தது. யாரோ பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு வெளியே போய்ப் பார்த்தாள். வாசலில் ஒருவரும் இல்லை. உள்ளே வந்தால் பிள்ளை அழுகை அடுப்புக்குள்ளிருந்து வந்தது. தான் பார்ப்பது நிஜமில்லை என்று கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியாமல் போயிற்று.

மத்தியானம் ரத்தினம்மா வந்தாள். வத்தேகமவில் ரயிலை விட்டிறங்கி, வஸ் ஏறி, கடைசி மலையை மழைத்தூறலில் நடந்து வந்திருந்தாள். காளிமுத்து துணி மூட்டையோடு பின்னால் வந்தான். நிறைவயிறு. முகம் பூரித்திருந்தது. வாசலில் நின்று, அம்மா என்றாள்.

பேச்சியம்மா மகளைப் பார்த்தாள். மகள் காலெல்லாம் அட்டை. மழைக்காலத்தில் தேயிலைக்குள் போய் வருகிறவர்களின் காலில் ஒன்றிரண்டு ஏறுவது வழக்கம்தான். ஆனால் இது கருப்பாக, கொத்துக் கொத்தாக, முழங்காலுக்கு மேலே, இடுப்புக்கு மேலே, வயிற்றின்மேல் நெளிந்துகொண்டிருந்தது. பிள்ளையின் ரத்தத்தை அல்லவா குடிக்கிறது. பேச்சியம்மா ஓடிப்போய் உப்புப் பானையை எடுத்து, கை நிறைய உப்பை அள்ளி மகள் வயிற்றில் அப்பித் தேய்த்தாள். சேலையைப் பிடித்து இழுத்தாள். வயிற்றுத் தோலில் நகத்தை வைத்துப் பிடுங்கினாள். ரத்தினம்மா அலறினாள். பேச்சியம்மாவுக்கு அது அட்டை கடித்த அலறலாகக் கேட்டது. இன்னும் வேகமாகப் பிடுங்கினாள். காளிமுத்து மூட்டையைப் போட்டுவிட்டு வந்து, மாமியாரைத் தோளில் பிடித்துத் தள்ளினான். அவள் அடுப்படியில் போய் விழுந்து, சாம்பலை அள்ளிக்கொண்டு மறுபடி வந்தாள்.

வாடையை மோந்து பார்க்கிற நிலையில் யார் இருந்தார்கள்? தள்ளாட்டமும் உளறலும் போதாதா? சாம்பிராணி போட்டு மறைத்திருக்கிறாள் பார் என்று காளிமுத்து சொன்னான். ரத்தினம்மா வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாள். முகமெல்லாம் தெறித்த உப்பு.

"இன்னைக்கு ஒரு நாளுகூட ஒன்னால முடியலயாம்மா?" என்றாள்.

மூக்காயி பீலிக்கரையிலிருந்து ஓடி வருவதற்குள் அவர்கள் மலை இறங்கிவிட்டார்கள். அம்பிட்டியவில் காளிமுத்துவின் அக்கா இருந்தாள். அங்கே போய்விட்டால் கண்டி ஆஸ்பத்திரி பக்கம் என்று அவன் லயத்து ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போனானாம். அவர்கள் தலை மறைந்த பிறகுதான் பேச்சியம்மாவுக்குக் கண் மேலே செருகி, பல் கிட்டித்து, கை கால் வெட்டி இழுத்தது.

வீரசிங்கம் வந்தார். அவரும் வரும்போது குடித்துவிட்டுக் கிடக்கிறாள் என்று திட்டிக்கொண்டேதான் வந்தார். குனிந்து வாயை மோந்து பார்த்தார். எப்போது கடைசியாகக் குடித்தாள் என்று மூக்காயியைக் கேட்டார். வியாழக்கிழமை என்று அவள் சொன்னதும், அவர் முகம் மாறிவிட்டது. மருந்தோடு கொஞ்சம் பிராந்தியும் கலந்து கரண்டியில் ஊற்றப் பார்த்தார். அந்த நிலையிலும் வாடை தெரிந்து, பேச்சியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"இது மருந்து. தாறது நான். பாவம் எனக்கு" என்று சொல்லி வாயைத் திறக்க வைத்தார்.

இரண்டு மூன்று நாள் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தெளிந்தபோது கை ஓரளவு அடங்கியிருந்தது. அடுப்பும் சுவரும் அதனதன் இடத்தில் இருந்தன. மூக்காயி நடந்ததையெல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டே உள்ளங்கையைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

இது குடித்ததால் வந்த வெறி இல்லை என்று வீரசிங்கம் விளக்கினார். வருஷக்கணக்காகச் சாராயத்தில் ஊறின உடம்பு, ஒரேயடியாக நிறுத்தினால் இப்படித்தான் புத்தி பேதலிக்கும். சிலர் செத்தும் போவார்கள். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அளந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருப்பேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரல் போனது போனதுதான், இனி மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் மருந்துச்சாலைக்குப் போய், அவர் அளந்து கொடுக்கும் பிராந்தியை அவர் முன்னாலேயே குடித்துவிட்டு வந்தாள். அளவு குறைந்துகொண்டே வந்தது.

மகளிடம் யார் சொல்வது? அம்பிட்டியப் பக்கம் போகிறேன் என்ற ஹபீல் நானாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாள். நல்ல மனுஷர், ஒரு வார்த்தை விடாமல் போய்ச் சொல்லியிருக்கிறார். ஆனால் குடிக்காததால் வெறி வந்தது என்று ஒரு குடிகாரி சொல்லியனுப்பினால் யாருக்குத்தான் நம்ப மனசு வரும்? கேட்டால் எந்தத் தவறணையும் கைகொட்டிச் சிரிக்கும். காளிமுத்துவும் அவன் அக்காவும் வயிறு குலுங்கச் சிரித்தார்களாம். ரத்தினம்மா சிரிக்கவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டாளாம். இதைச் சொல்லிவிட்டு, நானா ஒரு சீலையைக்கூட விரித்துக் காட்டாமல் போய்விட்டார்.

பங்குனியில் கண்டி ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. யாரோ வெள்ளைச் சட்டை போட்ட மருத்துவச்சி எடுத்தாள். பேச்சியம்மாவுக்குச் சேதி பத்து நாள் கழித்துத்தான் வந்தது. மறுநாளே போகிறேன் என்றாள். காலையில் மருந்துச்சாலைக்கு வந்து அளவைக் குடித்துவிட்டுப் போ, கை ஆடாது என்று வீரசிங்கம் சொன்னார். சரி ஐயா என்றாள். காலையில் மருந்துச்சாலை வாசல் வரைக்கும் போய் நின்றாள். குடித்துவிட்டுப் போனால் வாயில் வாடை இருக்கும். வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். குடிக்காமல் போனால் கை ஆடும். இதைத் தவிர மூன்றாவது வழி ஒன்றும் அவளுக்கு இல்லை. உள்ளே போகாமல் வஸ்ஸுக்கு நடந்தாள்.

கண்டிக் குளத்தைச் சுற்றிக்கொண்டு அம்பிட்டிய மேட்டில் ஏறுவதற்குள் கால் இரண்டும் வீங்கிப் பொம்மி, மூச்சு வாங்கியது. வழியில் ஒரு மதகில் உட்கார்ந்து உட்கார்ந்து போனாள். வீதியில் போனவர்கள் அவள் வயிற்றையும் மஞ்சள் கண்ணையும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். காளிமுத்துவின் அக்கா, வேலை செய்கிற பங்களாவின் பின்கட்டில் ஒரு அறையில் இருந்தாள். கதவைத் திறந்து, பேச்சியம்மாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நகர்ந்து வழி விட்டாள்.

ரத்தினம்மா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. பேச்சியம்மா கைகளைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கண் மட்டும் பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. நிறம் நல்லது. மூச்சு நல்லது. தொப்புள் காய்ந்துவிட்டது, எடுத்தவள் நன்றாகத்தான் கட்டியிருக்கிறாள்.

ரத்தினம்மா பிள்ளையைக் காட்டுவது போல முன்னால் குனிந்து, தன் முகத்தை அம்மாவின் முகத்தருகே கொண்டுவந்தாள். எதற்கென்று பேச்சியம்மாவுக்குத் தெரியும். வாயைத் திறந்து மூச்சை விட்டாள்.

வெற்றிலை வாடை. வேறொன்றும் இல்லை. ரத்தினம்மாவின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. கம்பளி ஆடிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி அதை விலக்கினாள். மடியில் கிடந்த இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உதறிக்கொண்டிருந்தன. குடிக்காத வாய், ஆடுகிற கை. நானா வந்து சொன்ன நாளில் யாரும் நம்பாதது கண்ணெதிரே இருந்தது.

"அப்ப, அன்னைக்கும் நீ குடிக்கலயா?"

"இல்ல."

ரத்தினம்மா அழுதாள். கல்யாணத்தன்று அழாதவள், உப்பை முகத்தில் வாங்கிக்கொண்டு நின்றபோதும் அழாதவள், இப்போது சத்தமில்லாமல் தோள் குலுங்க அழுதாள். பேச்சியம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகள் நம்பிவிட்டாள். இதற்கு மேல் தனக்கு என்ன வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ரத்தினம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கினாள். அம்மாவை நோக்கி நீட்டினாள். பேச்சியம்மாவின் கைகள் தாமாக எழுந்தன.

பாதியில் ரத்தினம்மா நின்றுவிட்டாள். ஏந்தியிருந்த கைகளைப் பார்த்தாள். கழுத்து நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிற பிள்ளையின் தலையைப் பார்த்தாள். மறுபடி கைகளைப் பார்த்தாள். பிள்ளையை மெதுவாகத் தன் மார்போடு இழுத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"குடுக்காத" என்றாள் பேச்சியம்மா. "ஒன் எடத்துல நான் இருந்தாலும் இந்தக் கையில குடுக்க மாட்டேன்."

கைகளைத் திரும்பவும் கம்பளிக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளை வாயைச் சப்பிக்கொண்டிருந்தது. பசிக்கிறது, பால் கொடு என்று மகளிடம் சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.